சர்வர் மாறினாலும் அமானிதம் மாறாது

நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, மக்காவாசிகள் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருட்களை உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பை அலீ (ரலி) அவர்களிடம் விட்டுச் சென்றார்கள். ஊரை விட்டுப் போகிறோம் என்பதற்காக அமானிதம் கைவிடப்படவில்லை. தன்னார்வலர்கள் உருவாக்கிய மென்பொருளைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றுவோருக்கும் இதில் பாடம் உண்டு.

விக்கிப்பீடியாவில் நடந்தது

ஜெர்மனியின் விக்கிமீடியா அமைப்பு 2005 முதல் 'டூல்சர்வர்' என்ற சேவையை நடத்தியது. விக்கிப்பீடியாவுக்கான பல துணைக்கருவிகளைத் தன்னார்வலர்கள் எழுதி அதில் இயக்கினர். 2014-ன் நடுவில் அது மூடப்பட்டது. கருவிகள் அமெரிக்காவின் விக்கிமீடியா அறக்கட்டளை நடத்தும் 'டூல் லேப்ஸ்' சேவைக்கு மாறின. அதன் இன்றைய பெயர் 'டூல்ஃபோர்ஜ்'.

புதிய இடத்தில் இரண்டு தடுப்புகள் இருந்தன. ஒன்று, கடவுச்சொல், மின்னஞ்சல் போன்ற அந்தரங்க விவரங்கள் நீக்கப்பட்ட தரவு நகல் மட்டுமே தன்னார்வலர்களுக்குக் கிடைத்தது. இரண்டு, கருவியைப் பயன்படுத்துபவரின் ஐபி முகவரி, கருவியை எழுதியவருக்குத் தெரியாதபடி இடையிலேயே மறைக்கப்பட்டது. ஒருவர் எந்தப் பகுதியிலிருந்து இணையத்துக்கு வருகிறார் என்பதை ஐபி முகவரி ஓரளவு காட்டிவிடும்.

பொதுவில் இருந்தால் போதுமா?

ஒருவர் எந்த நாளில், எந்த மணியில் கட்டுரைகளைத் திருத்துகிறார் என்று தொகுத்துக் காட்டும் கருவிகளும் இருந்தன. பழைய சர்வரில், சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால்தான் இந்த விவரம் வெளியாகும். இடம் மாறியபோது, இந்தச் சம்மதம் இனியும் தேவையா என்ற விவாதம் எழுந்தது. ஒவ்வொரு திருத்தத்தின் நேரமும் ஏற்கெனவே பொதுவில் இருக்கிறதே என்றனர் ஒரு சாரார். ஆனால் சிதறிக் கிடப்பதை ஒன்றுசேர்த்தால், ஒருவர் உறங்கும் நேரமும் வேலை நேரமும்கூடத் தெரிந்துவிடும். பிறரைத் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் (49:12) தடுப்பதையும், பிறர் வீட்டில் நுழைய அனுமதி கேட்கச் சொல்வதையும் (24:27) நாம் இங்கு நினைவுகூர வேண்டும்.

நம் ஜமாஅத்களுக்கு

ஜகாத் பெறுவோர் பட்டியல், திருமணத் தகவல் மையம், மதரஸா மாணவர் விவரம் என நம் இளைஞர்கள் செய்துதரும் மென்பொருட்கள் பல. சர்வர் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை:

• தேவையான விவரத்தை மட்டும் கொண்டு செல்லுங்கள்.

• எந்த நோக்கத்துக்குச் சம்மதம் பெற்றோமோ, அதைத் தாண்டாதீர்கள். புதிய பயன்பாட்டுக்குப் புதிதாகக் கேளுங்கள்.

• பழைய கடவுச்சொற்களை மாற்றுங்கள். பொறுப்பிலிருந்து விலகியவர்களின் அனுமதியை ரத்து செய்யுங்கள்.

• எல்லாம் சரியாக வந்து சேர்ந்ததை உறுதிசெய்த பின், பழைய சர்வரிலும் பென்டிரைவிலும் உள்ள நகல்களை அழியுங்கள்.

ஜகாத் வாங்கிய ஓர் ஏழையின் பெயர் வெளியே கசிந்தால், போன மானத்தை எந்த மென்பொருளாலும் மீட்டுத்தர முடியாது. அமானிதம் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக, ஆமீன்.