குணம் எங்கே பிறக்கிறது?

இராசபாளையத்திலே பருத்தி நூலாகிறது. திருவில்லிபுத்தூரிலே பாலும் சர்க்கரையும் கூடிக் காய்ந்து பால்கோவா ஆகிறது. ஆலைச் சங்கினால் பெயர் பெற்றது ஓர் ஊர். இனிப்பினால் பெயர் பெற்றது மற்றோர் ஊர். இடையே இருப்பது சில கல் தொலைவுதான். சுற்றிலும் தறிகள், தறிக்குப் போகும் பாவுக்குக் கஞ்சி. பஞ்சு, சர்க்கரை, கஞ்சி! ஒன்று உடுக்க, ஒன்று உண்ண, ஒன்று நூலுக்கு உரமூட்ட. இம்மூன்றுக்கும் உறவு உண்டு என்றால் நம்புவோர் எத்தனை பேர்?

உறவு உண்டு, நெருங்கிய உறவே உண்டு. கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் மூன்றே தனிமங்களால் ஆனவை இம்மூன்றும். பஞ்சும் கஞ்சியும் குளுக்கோஸ் என்னும் ஒரே செங்கல்லால் கட்டிய இரு மாளிகைகள். சர்க்கரையோ, ஒரு குளுக்கோசும் ஒரு ஃபிரக்டோசும் கைகோத்த சின்னஞ்சிறு குடில்.

அப்படியாயின், சர்க்கரை தண்ணீரில் கரைகிறது. நூறு முறை துவைத்தாலும் வேட்டி ஏன் கரைவதில்லை? சோற்றைச் செரிக்கும் வயிறு, பஞ்சைத் தின்றால் ஏன் செரிப்பதில்லை?

“அதது அதன் குணம், படைத்தவன் அப்படிப் படைத்தான்” என்று கூறி வாயை மூடுவது பழைய வழக்கம். அது விடையன்று, வினாவுக்குப் போடும் பூட்டு! அந்தப் பூட்டை உடைத்தவர்களின் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல விழைகிறோம்.

முதல் அடி வைரத்தின் மீது விழுந்தது. மணிகளில் தலையாயது, மன்னர் முடியில் ஒளிர்வது வைரம். அடுப்படியில் கிடப்பது கரி. இரண்டும் ஒன்றென்று சொன்னால் அரசவை சிரித்திருக்கும். 1797ஆம் ஆண்டில் ஸ்மித்சன் டென்னன்ட் என்னும் ஆங்கிலேயர் வைரத்தை எரித்துப் பார்த்தார். அதே எடையுள்ள கரியை எரித்தால் எவ்வளவு கரிவளி வருமோ அவ்வளவே வைரத்திலிருந்தும் வந்தது. வைரமும் கரியே! பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டும் கரியே! அணுவில் வேறுபாடு இல்லை. எனினும் ஒன்று கண்ணாடியை அறுக்கிறது. மற்றொன்று காகிதத்தில் தேய்கிறது. ஏன்?

விடை வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1913இல் பிராக் என்னும் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு வைரத்தின் உள்ளமைப்பைக் கண்டனர். அங்கே ஒவ்வொரு கரி அணுவும் நான்கு பக்கத்திலும் நான்கு அணுக்களோடு இறுகப் பிணைந்திருந்தது. எந்தப் பக்கம் தள்ளினாலும் விட்டுக்கொடாத கோட்டை அது. கிராஃபைட்டிலோ ஒவ்வோர் அணுவும் மூன்றோடு மட்டும் இறுகப் பிணைந்து தகடு தகடாக அமைகிறது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள பற்று மெலிந்தது. எனவே தகடுகள் வழுக்குகின்றன. தாளில் எழுத்து விழுகிறது. குணத்தை வேறாக்கியது பிறப்பன்று, பிணைப்பு!

அதே ஆய்வு நாம் உண்ணும் உப்பின் மீதும் நடந்தது. உப்புக்குள் ‘உப்பு மூலக்கூறு’ என்று தனித்தனியே ஒன்றும் இல்லை. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப்போல மாறி மாறி நிற்கின்றன என்று கண்டனர். பெரும்புலமை பெற்ற ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் வேதியியல் அறிஞர் இதை ஏற்க மறுத்து, 1927இல்கூட ‘நேச்சர்’ இதழில் எள்ளி எழுதினார். முதுமையும் புகழும் ஒருபுறம்; எக்ஸ் கதிர்ப் படம் மறுபுறம். வென்றது எது? படமே வென்றது. சொன்னவர் யார் என்பதன்று, சான்று என்ன என்பதே அறிவியல் மன்றத்தின் சட்டம்.

நேர்மின்னும் எதிர்மின்னும் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்பதால்தான் உப்பு 801 பாகை செல்சியசில் உருகுகிறது. சம்மட்டியால் அடித்தால் ஒரு வரிசை நகர்கிறது, ஒத்த மின்னும் ஒத்த மின்னும் எதிரெதிர் வருகின்றன, விலக்குகின்றன, உப்பு நொறுங்குகிறது. இரும்பை அடித்தால் அது நொறுங்காமல் வளைகிறது. உலோகத்தில் எலக்ட்ரான்கள் அணுக்கள் அனைத்துக்கும் பொதுச் சொத்து. வரிசை நகர்ந்தாலும் பொதுச் சொத்து பிணைப்பை விடுவதில்லை. ஆலையின் கதிர் தேய்ந்தாலும் உடையாமல் சுழல்வதும், செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடுவதும் அந்தப் பொதுவுடைமையால்தான்! இரண்டு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பங்கிட்டுக்கொள்வதே மற்றொரு பிணைப்பு என்று 1916இல் கில்பர்ட் லூயிஸ் விளக்கினார். கரி கரியோடு சேர்வது இந்த வகையில்தான்.

இனிப் பஞ்சுக்கு வருவோம். 1819இல் பிரான்சு நாட்டு பிராக்கனோ கந்தைத் துணியைக் கந்தக அமிலத்தில் இட்டுச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். கந்தையிலிருந்து சர்க்கரையா என்று உலகம் வியந்தது. 1838இல் ஆன்செல்ம் பயேன், செடிகொடிகளின் உடலுக்குச் சுவராக நிற்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே செல்லுலோஸ். பருத்தி இழையில் பத்தில் ஒன்பது பங்கு அதுவே.

செல்லுலோசில் ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் ஒரே சங்கிலியாகப் பிணைந்துள்ளன. 1920இல் செருமானியர் ஸ்டாடிங்கர், இத்தகைய நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் உண்டு என்றபோது, அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்கவே முடியாது என்று புலவர் பலர் மறுத்தனர். அவர் சளைக்கவில்லை. 1953இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

கஞ்சியின் மாவுப்பொருளும் குளுக்கோஸ் சங்கிலிதான். வேறுபாடு எங்கே? ஒரு குளுக்கோஸ் அடுத்ததோடு கைகோக்கும் திசையிலே! மாவுப்பொருளில் கை ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது; சங்கிலி சுருள்கிறது. செல்லுலோசில் கை மறுபக்கம் திரும்பியிருக்கிறது. சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் பக்கம் பக்கமாக நெருங்கிப் படுக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் சிறுசிறு பிடிப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன.

ஒரு பிடிப்பின் வலிமை சிறிது. ஆனால் கூட்டத்தின் வலிமை பெரிது. தண்ணீர் தனித்து வந்து ஒரு சர்க்கரை மூலக்கூற்றைத் தூக்கிச் சென்றுவிடும். பல்லாயிரம் பிடிப்புகளால் பிணைந்து நிற்கும் செல்லுலோஸ் சங்கிலியை அதனால் பெயர்க்க இயலாது. வேட்டி கரையாததன் மறை இதுதான். கொதிநீரில் மாவின் பிடிப்புகள் தளர்கின்றன. அது உப்பிக் குழம்பாகிறது. பாவு நூலைப் பற்றிக்கொண்டு ஓட்டம் தாங்கும் வலிமை தருகிறது.

கைத்திசை மாறினால் பூட்டும் மாறும். நம் உமிழ்நீரில் உள்ள சாவி மாவின் பூட்டைத் திறக்கிறது. செல்லுலோசின் பூட்டைத் திறப்பதில்லை. 1833இல் பயேனும் பெர்சோவும் கண்டறிந்த டயஸ்டேஸ் என்னும் நொதியின் வழிவந்தவற்றைக் கொண்டு, நெய்த துணியிலிருந்து கஞ்சியை மட்டும் நீக்குகிறார்கள். நூலுக்கு ஊறு நேர்வதில்லை. வைக்கோலைத் தின்னும் பசுவுக்கும் அந்தச் சாவி கிடையாது. அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உண்டு. அவை வைக்கோலை உடைத்துத் தருவதால்தான் பசு வாழ்கிறது, பால் சுரக்கிறது, திருவில்லிபுத்தூர் வாணலியிலே பால்கோவா கிண்டப்படுகிறது. பசுவுக்குக் கும்பிடு போடுவோர் அந்த நுண்ணுயிர்களுக்கும் ஒரு கும்பிடு போடலாமே!

பி.ஏ.சி. இராமசாமி ராசா 1936இல் இராசபாளையத்தில் நூற்பாலை நிறுவினார். அடுத்து ஆலைகள் பெருகின. ஊருக்கு அண்மையில் உள்ள சத்திரப்பட்டி, புண்ணுக்குக் கட்டும் மருத்துவத் துணி நெய்வதில் பெயர் பெற்றது. அத்துணியிலும் இதே பாடம் இருக்கிறது. செடியிலிருந்து பறித்த பஞ்சைத் தண்ணீரில் போடுங்கள், மிதக்கும், நீரை உறிஞ்சாது. இழையின் மேல் மெழுகு படிந்திருக்கிறது. மெழுகோடு தண்ணீர் பிணைவதில்லை. காரத்தில் வேகவைத்து அந்த மெழுகை நீக்கினால், உள்ளிருக்கும் செல்லுலோஸ் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்புக் கொள்கிறது, நீரைக் குடிக்கிறது, குருதியையும் குடிக்கிறது. 1880இல் சாம்சன் காம்ஜி என்னும் மருத்துவர் உறிஞ்சும் பஞ்சை வலைத்துணிக்கு இடையே வைத்துக் காயத்துக்குக் கட்டும் முறையை வகுத்தார். ஒரு படல மெழுகை நீக்கியது எத்தனை உயிர்களைக் காத்தது!

இந்த அறிவு ஏட்டோடு நிற்பதா? இதே மாவட்டத்தில்தான் சிவகாசி இருக்கிறது. பட்டாசு ஆலைகளில் பருத்தி ஆடையே உடுத்த வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஏன்? 1941இல் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கிய பாலியெஸ்டர் இழையில் தண்ணீரைப் பற்றும் கைகள் மிகக் குறைவு. இயல்பான காற்றில் பருத்தி தன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு ஈரம் ஏந்துகிறது. பாலியெஸ்டர் ஒரு பங்குகூட ஏந்துவதில்லை. ஈரம் இருந்தால் உராய்வில் எழும் மின்னேற்றம் வடிந்துபோகிறது. ஈரம் இல்லையேல் அது தேங்குகிறது, பொறியாகத் தாவுகிறது. மருந்துத் தூளின் பக்கத்தில் ஒரு பொறி போதுமே! தீப்பட்டாலும் பருத்தி கருகிச் சாம்பலாகிறது. அதன் சங்கிலிகள் உருகுமுன் சிதைகின்றன. பாலியெஸ்டரோ ஏறத்தாழ 260 பாகையில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்கிறது. அடுப்படியில் நிற்கும் நம் தாய்மாரும் தங்கையரும் இதை அறிய வேண்டாமா? ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள்: சாம்பல் ஆனால் பருத்தி, உருண்டையாய் இறுகினால் செயற்கை இழை.

“பருத்தி உடுத்து” என்று கட்டளை மட்டும் இட்டால், கண்காணி அகன்றதும் கட்டளையும் அகலும். ஏன் என்பதை அவரவர் தாய்மொழியில் விளக்கினால், கண்காணியே வேண்டியதில்லை. உழைப்பவனுக்கு விதி மட்டும், படித்தவனுக்கு விளக்கம் என்ற பாகுபாடு உயிரைக் குடிக்கும் பாகுபாடு. வேதியியலைத் தமிழில் சொல்லவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது மொழிப்பற்றுக்காக மட்டுமன்று, உயிர்ப்பற்றுக்காகவும்தான்.

இன்னொன்றும் சொல்வோம். அணுக்கள் சமத்துவம் பேசுவதில்லை. மனிதன் மனிதனுக்குச் சமன் என்பதை நிறுவக் கரித்துண்டின் சாட்சியம் தேவையுமில்லை. ஆனால் ‘பிறவிக் குணம்’ என்று சொல்லி மக்களைத் தட்டுத் தட்டாக அடுக்கியவர்கள், பொருள்களைப் பற்றியும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். பொருள்களிடத்தில் அந்தச் சொல் தோற்றது. ஆராய்ந்து பார்த்ததால் தோற்றது. மனிதரைப் பற்றி அதே சொல்லை எவரேனும் உரைக்கும்போது, “எங்கே சான்று?” என்று கேட்கும் துணிவை அந்தத் தோல்வி நமக்குத் தருகிறது.

நூற்பாலையிலும் தறிக்கூடத்திலும் இனிப்புக் கடையிலும் பட்டாசு ஆலையிலும் உழைக்கும் இளைஞர்களே! உங்கள் கையில் நாள்தோறும் புழங்கும் பொருள்களே உங்கள் பாடநூல். ஒரு நூலை எரித்துப் பாருங்கள். பஞ்சை நீரில் இட்டுப் பாருங்கள். கண்டதைத் தோழருக்குச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்ட கூட்டத்தை எந்தப் பூட்டும் நெடுநாள் அடைத்து வைத்ததில்லை!