பூட்டிய அறையில் ஒரு மரம்

ரோம் பரிசு என்றதும் பதக்கமும் புகழும் நினைவுக்கு வரும். பிரான்ஸில் அது ஒரு பாடத்திட்டமாகவே இயங்கியது. போட்டியில் எது கேட்கப்பட்டதோ அதையே பயிற்சிக்கூடங்கள் கற்பித்தன. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே சிற்பிகளும் வரலாற்று ஓவியர்களும் அந்தப் பரிசால் ரோமுக்குப் போய்ப் படித்தார்கள். மலையும் மரமுமோ கதைமாந்தருக்குப் பின்திரையாகவே மதிக்கப்பட்டன. அந்த எண்ணத்தை மாற்றப் பாடுபட்டவர் ஓவியர் வாலன்சியென். 1800இல் வெளிவந்த அவருடைய நூல், வெட்டவெளியில் உட்கார்ந்து, மாறிக்கொண்டே இருக்கும் வெளிச்சத்தை விரைந்து தீட்டிப் பழகச் சொன்னது. அவரிடம் பயின்ற மிஷலோனுக்கே 1817இல் நிலக்காட்சி ஓவியத்துக்கான முதல் ரோம் பரிசு கிடைத்தது.

ஆனால் பூட்டிய அறைக்குள் போட்டி நடந்த முறை அந்தப் பாடத்துக்கே எதிராக இருந்தது. மனித உருவச் சிற்பத்தை அறைக்குள் சோதிக்கலாம். மாடலாக ஒருவர் எதிரே நிற்பார். தோளின் சாய்வையும் இடுப்பின் திருப்பத்தையும் ஈரக் களிமண்ணில் பிடித்தாக வேண்டும். பிழை இருந்தால் நடுவர் கண்ணில் உடனே படும். மரத்தை எப்படி உள்ளே கொண்டுவருவது? நிலக்காட்சி மாணவர் ஒரு மரத்தை நினைவிலிருந்தே தீட்டினார். இறுதிச் சுற்றில் புராணமோ வரலாறோ கலந்த காட்சியைக் கற்பனையில் அமைத்தார். நூறு மரங்களை ஊன்றிப் பார்க்காதவனால் ஒரு மரத்தை நினைவிலிருந்து தீட்ட முடியாது என்று இந்த முறைக்காக வாதிடலாம். அது சரியே. ஆயினும் நினைவு வடிவத்தைத் தாங்கும், அந்த நாழிகையின் வெளிச்சத்தைத் தாங்காது. உண்மையான பாடம் போட்டிக்குப் பிறகு, இத்தாலியில் கழிந்த ஆண்டுகளில்தான் கிடைத்தது. மிஷலோனின் கை அங்கே திறந்தவெளியில் தீட்டிய சிறு படங்களில் எவ்வளவு விடுதலையாக ஓடுகிறது!

பரிசு பெறாத கோரோதானே பெரிய ஓவியரானார் என்று கேட்கலாம். அவர் மிஷலோனிடம் பயின்றவர். ஆசிரியர் 1822இல் இளம் வயதிலேயே இறந்த பின், 1825இல் குடும்பப் பணத்தில் அதே இத்தாலிக்குப் போனார். பரிசு வகுத்த வழியில்தான் அவரும் நடந்தார். கலைப் பள்ளியில் மூன்று முறை இடம் மறுக்கப்பட்ட சிற்பி ரோதானைக் காட்டினால் மட்டும் என்னிடம் மறுப்பில்லை. அந்த வாசல் குறுகலானது. 1854இல் சிற்பப் பரிசு பெற்ற கார்ப்போவும் ரோமில் விதியை மீறியே வளர்ந்தார். கவிஞர் தாந்தேயிடமிருந்து எடுத்த உகோலினோவையும் அவர் பிள்ளைகளையும் ஐந்து உருவங்களாக வடித்தார். பட்டினியில் தன் விரல்களையே கடிக்கும் அந்தத் தந்தையின் கால்விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று இறுகிக் கிடக்கின்றன. உடலை அறைக்குள் அத்தனை காலம் கற்றிராத கை அதைச் செய்திருக்காது.

நிலக்காட்சிப் பரிசு 1863இல் கைவிடப்பட்டது. அதற்குள் பாரீஸுக்கு அருகே ஃபோந்தேன்ப்ளோ காட்டில் ஓவியர்கள் பலகையும் வண்ணமுமாக மரங்களுக்கு எதிரேயே உட்காரத் தொடங்கியிருந்தார்கள். சிற்பப் பரிசு 1968 வரை நீடித்தது.