27 டிகிரியில் ஓர் எண்: சேமக்கல அமிலத்தை அளந்த வரலாறு

புனேயில் சனவரி விடியலில் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்கு இறங்குவதுண்டு. ஏப்ரல் பிற்பகலில் அது 40-ஐ நெருங்கும். முழு மின்னேற்றம் பெற்ற ஒரே காரீய-அமில சேமக்கலத்தை இவ்விரு வேளைகளிலும் அளப்பதாகக் கொள்வோம். அமிலமும் அதே வெப்பநிலையை எட்டியிருந்தால், நீர்மமானி முதலில் 1.252 என்றும் பின்னர் 1.231 என்றும் காட்டும். மின்னேற்றத்தில் மாற்றமேதுமில்லை, அமிலம் விரிந்திருக்கிறது, அவ்வளவே.

அமிலத்தின் ஒப்படர்த்தியைக் கொண்டு மின்னேற்றத்தை அறியலாம் என்பதே தொடக்கத்தில் தெளிவாக இருக்கவில்லை. காஸ்டன் பிளாந்தே 1859-இல் காரீயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தித் தம் சேமக்கலத்தை அமைத்தார். கமீய் ஃபோர் 1881-இல் தகடுகளின்மேல் காரீய ஆக்சைடுக் குழம்பைப் பூசி அதன் கொள்திறனைப் பெருக்கினார். ஆயினும் கலத்தினுள் நிகழ்வது என்ன என்பதற்கு 1882-இல் கிளாட்ஸ்டனும் டிரைபும் தந்த விளக்கமே திருப்புமுனை. மின்னிறக்கத்தின்போது இரு தகடுகளிலும் காரீய சல்ஃபேட் உண்டாகிறது என அவர்கள் காட்டினர். அமிலம் வெறும் ஊடகமன்று, வினையில் செலவாகும் பொருள் என்பது அதன் உட்பொருள். செலவாவதை எடை காட்டும். ஹைபேஷியாவுக்கு சினேசியஸ் எழுதிய கடிதத்திலேயே இடம்பெற்ற தொன்மையான மிதவைக்கருவிக்கு இவ்வாறு ஒரு புதிய வேலை கிடைத்தது.

பட்டறைகளில் இவ்வளவைக் ‘கிராவிட்டி’ என்பர். தசமப் புள்ளியை விடுத்து 1240 என்றே வாசிப்பர். புவியீர்ப்புக்கும் இச்சொல்லுக்கும் நேரடித் தொடர்பில்லை. ‘கனம்’ என்ற பழைய பொருளே இங்கு எஞ்சியிருக்கிறது.

எந்த வெப்பநிலையில் 1240 என்பதே உண்மையான வினா. பிரித்தானிய அளவீட்டு மரபு 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 15.6 டிகிரி செல்சியசை, அடிப்படையாகக் கொண்டது. இந்தியத் தரங்கள் 27 டிகிரியை ஏற்றன. இந்தியத் தர நிறுவனமும், பின்னாளில் எக்சைடு எனப் பெயர் பெற்ற சேமக்கல நிறுவனமும் தோன்றியது 1947 சனவரியில்தான், இது தற்செயலே. அந்நிறுவனத்தின் இரண்டாம் ஆலை 1969-இல் புனேயை அடுத்த சிஞ்ச்வடில் எழுந்தது.

அமிலத்தின் செறிவும் தட்பவெப்பத்தைப் பொறுத்ததே. குளிர்நாடுகளில் முழு மின்னேற்றத்தின் அளவு 1.280 வரை இருக்கும். நீர்த்த அமிலம் உறைந்துவிடும் அபாயம் அங்குண்டு. வெப்பநாடுகளிலோ செறிந்த அமிலம் தகடுகளை விரைந்து அரிக்கும், ஆகவே 1.240 போதும். அயல்நாட்டுக் கையேட்டை நம்பி, நலமாக உள்ள கலத்தில் அமிலம் சேர்ப்பவர் அதன் ஆயுளைக் குறைக்கிறார். குறைவது பெரும்பாலும் நீரே, ஊற்றவேண்டியதும் வாலைவடிநீரே.

திருத்தம் எளிது: 27-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007-ஐக் கூட்டவேண்டும், கீழெனில் கழிக்கவேண்டும். வடிநீர் ஊற்றிய உடனே அளப்பது வீண். நீர் மேலே தங்கிவிடும். மின்னேற்றம் செய்து, அமிலம் கலந்து, குமிழிகள் அடங்கிய பின்பே அளவு மெய்யாகும். கலத்துக்குக் கலம் ஏறத்தாழ 0.050 வேறுபட்டால் பழுதான கலம் எதுவென்பதும் தெரியவரும்.

மூடிய சேமக்கலங்களில் உள்ள பச்சைக் ‘கண்’ணும் ஒரு மிதவைதான். ஆறு கலங்களில் ஒன்றை மட்டுமே அது பார்க்கிறது. அதனருகே வெப்பமானி ஏதுமில்லை.