மிஞ்சிய கட்டியைக் கண்ட கதை

மூளையைத் தாங்கும் எலும்புத் தளமே மண்டையோட்டின் அடித்தளம். பார்வை நரம்புகளும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகளும் அதைத் துளைத்தும் ஒட்டியும் செல்கின்றன. இவற்றைச் சுற்றிப் படர்ந்த கட்டியை முழுதாக எடுப்பது பல நேரங்களில் இயலாது. எனவே அறுவை முடிந்ததும் எழும் முதல் கேள்வி, உள்ளே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே. உயிரோடிருக்கும் நோயாளியிடம் அதற்கு விடை காண நெடுங்காலம் வழியில்லை.

1907 மார்ச் 16 அன்று ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர், மண்டையோட்டின் அடித்தளத்தில் அமைந்த பிட்யூட்டரிச் சுரப்பியில் வளர்ந்த கட்டி ஒன்றை மூக்கு வழியாக அறுத்தெடுத்தார். அவ்வழியில் நடந்த முதல் அறுவை அது. சுமார் இரண்டரை மாதத்தில் நோயாளி இறந்தார். கட்டியின் பெரும்பகுதி மூளைப் பக்கம் நீண்டு அப்படியே கிடந்தது பிணப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

எக்ஸ்ரே எலும்பின் தேய்மானத்தைக் காட்டியதே தவிர, கட்டியைக் காட்டவில்லை. 1918இல் பால்டிமோரில் வால்டர் டாண்டி மூளையின் நீர் அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். கடும் தலைவலியும் ஆபத்தும் தந்த அந்த முறையை அடிக்கடி செய்யத் துணிவோர் இல்லை. அதனால் ஹார்வி குஷிங் போன்ற மூளை அறுவை மருத்துவர்கள் நோயாளியின் பார்வைப் புலத்தை மீண்டும் மீண்டும் அளந்தே கட்டியின் போக்கைக் கணித்தார்கள். பார்வை சுருங்கினால் கட்டி வளர்கிறது என்று பொருள். ஆனால் அந்தச் செய்தி தாமதமாகவே வந்தது.

1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவியில் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டார். இரத்தக் கசிவும் உள்ளே புகுந்த காற்றும் உடனே தெரியலாயின. ஆனால் அடித்தளத்தின் தடித்த எலும்பு படத்தில் கோடுகளை இழுத்து, பக்கத்து மென்திசுக்களை மறைத்தது. அந்தக் குறையை எம்.ஆர்.ஐ. போக்கியது. 1988இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கடோலினிய மருந்தை ஏற்றிப் படமெடுத்தால் கட்டி பளிச்சென ஒளிர்ந்தது.

இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. அறுவையில் திறந்த இடத்தை அடைக்க வயிற்றிலிருந்து எடுத்து வைக்கும் கொழுப்பும் எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்மையாகவே தெரியும். அதை மிஞ்சிய கட்டியாக எண்ணிவிட வாய்ப்புண்டு. கொழுப்பின் ஒளியை மட்டும் அடக்கும் படமுறை இதைப் பிரித்துக் காட்டியது. 2006இல் அர்ஜென்டினா மருத்துவர்கள் ஹதாத், பாசகாஸ்தெகி ஆகியோரின் பெயரால், மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வைக் கொண்டு ஓட்டையை மூடும் முறை அறிமுகமானது. மருந்தேற்றிய படத்தில் அந்தச் சவ்வு ஒளிர்ந்தால் அதற்கு இரத்தம் பாய்கிறது என்று கொள்ளலாம். ஒளிராவிட்டால் அது அழுகக்கூடும், மூளைநீரும் கசியக்கூடும் என்ற எச்சரிக்கை.

இன்று பெரும்பாலும் முதல் நாள் சி.டி.யும் மூன்று நாட்களுக்குள் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கப்படுகின்றன. வீக்கம் வடிந்தபின், ஏறத்தாழ மூன்று மாதத்தில் எடுக்கும் படமே பிற்காலத்துக்கான அளவுகோல். மெனிஞ்சியோமா, கார்டோமா என்னும் அடித்தளக் கட்டிகள் பத்தாண்டு கழித்தும் திரும்ப வளரக்கூடியவை என்பதால் அந்தப் படத்தை நோயாளி பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.