உரிமையும் படுக்கையும்: கேரளத்தில் விபத்துச் சிகிச்சை குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

படுகாயமுற்ற ஒருவரை முதலில் ஏற்க வேண்டியவர் யார் என்ற கேள்வி, இந்தியாவில் விபத்துச் சிகிச்சையின் வரலாறு நெடுகிலும் தொடர்கிறது.

அடிபட்ட ஸ்கூட்டர் ஓட்டுநர் ஒருவரை ஒரு மருத்துவமனை ஏற்க மறுத்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மற்றொன்றுக்கு அனுப்பியது. அவர் வழியிலேயே இறந்தார். அச்செய்தியிலிருந்து எழுந்த பரமானந்த் கட்டாரா வழக்கில், காவல்துறை நடைமுறைகளைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையே அத்தீர்ப்பின் அடித்தளம்.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2017 ஆகஸ்ட் 6 இரவு, கொல்லம் மாவட்டத்தில் சாலை விபத்தில் படுகாயமடைந்தார் திருநெல்வேலியைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர். அவரை ஏற்றிய ஆம்புலன்ஸ் கொல்லத்திலும் திருவனந்தபுரத்திலும் பல மருத்துவமனைகளை நாடியது. வென்டிலேட்டர் இல்லை, உடனிருக்க ஆளில்லை என்பன சொல்லப்பட்ட காரணங்கள். மறுநாள் காலை அவர் உயிர் பிரிந்தது. முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

இவ்விரண்டாம் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. மருந்து வாங்கவும், ஒப்புதல் கையெழுத்திடவும், பணம் கட்டவும் உறவினர் இருப்பார் என்ற அனுமானத்தின் மீதே நம் மருத்துவமனைகள் இயங்குகின்றன. புலம்பெயர் தொழிலாளிக்கு அந்த உறவு அருகில் இல்லை. 1989இன் தீர்ப்பு உரிமையை அளித்தது. ஒழிவான படுக்கை எங்குள்ளது, செலவை யார் ஏற்பது என்பவற்றுக்கு அதில் விடை இல்லை.

பின்வந்த சீர்திருத்தங்கள் அவ்விடையைத் தேடின. விபத்துக்குள்ளானோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் திட்டத்தைக் கேரள அரசு அறிவித்தது. 2019இல் ‘கனிவு 108’ ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. 1951இல் நேரு தொடங்கிவைத்த திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் அவசரப் பிரிவில், காயத்தின் கடுமைக்கேற்ப நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கும் முறை வந்தது. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, பதவி பாராமல் காயம் பார்த்து வரிசைப்படுத்திய வழக்கத்தின் தொடர்ச்சி இது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டமும், காயமுற்றவர் எம்மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது.

இத்திட்டங்களை மதிப்பிடுவோர் ஆம்புலன்ஸ்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. தனியே வந்து சேரும், பெயர் தெரியாத நோயாளிக்கு முதல் மணி நேரத்தில் என்ன நிகழ்கிறது என்பதே உரிய அளவுகோல்.