46 நாளும் 14 ஆண்டும்: பாம்பன் பாலங்களின் வரலாறு

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையின் வேலை 1926-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அது முடிவதற்குள் 1930-ஆம் ஆண்டும் வந்துவிட்டது. மழையும் மலேரியாவும் வேலையாட்களை வாட்டின. கனத்த பொறிகளைச் சரிவில் ஏற்றுவது பெரும்பாடாயிற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் அச்சாலையை நம்பி எழுந்ததேயாகும். ‘ஏன் இத்தனை ஆண்டு?’ என்று அச்சாலையைப் பற்றி இன்று எவரும் வினவுவதில்லை. மலையைக் கண்டவர்க்கு விடை கண்ணெதிரே நிற்கிறது.

கடலின்மீது கட்டும் பாலத்திற்கு அந்த வசதி இல்லை. நீருக்கடியில் இருப்பது புலனாகாமையால், விரைந்து முடித்தவரை வியந்தும் காலம் தாழ்த்தவரை இகழ்ந்தும் உலகம் பேசிவிடுகிறது. பாம்பன் பாலங்களின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறே சொல்லப்பட்டு வருகிறது. வகுப்பில் அதனை எடுத்துரைக்கும் ஆசிரியர்கள் சற்று நின்று நோக்குதல் நன்று.

மண்டபத்தையும் இராமேசுவரத் தீவையும் இணைக்கும் புகைவண்டிப் பாலத்தின் வேலை 1911-இல் தொடங்கி, 24-2-1914 அன்று போக்குவரத்துத் திறக்கப்பெற்றது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 145 சிறு கண்களும், கப்பல்கள் ஊடே செல்லுமாறு இரு பக்கமும் தூக்கித் திறக்கும் ஒரு நடுப்பகுதியும் அதற்கு உண்டு. அந்நடுப்பகுதி ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் முறையில் அமைந்தது. சென்னையிலிருந்து புறப்படும் ‘போட் மெயில்’ இப்பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி சேரும். பயணிகள் அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்குவர். மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினர். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோருள் மிகப் பலர் இப்பாலத்தின் மேலே சென்றனர். ஆதலின் தோட்டத் தமிழரின் குடும்ப வரலாற்றிலும் இதற்கு ஓரிடம் உண்டு.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் பெரும்புயல் வீசிற்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற புகைவண்டியைக் கடல் கொண்டது. அதில் இருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாலத்தின் 145 தூலங்களில் 126 கடலில் வீழ்ந்தன. தூக்குப்பகுதி மட்டும் தப்பிற்று. தூண்களும் பெரும்பாலும் நிலைத்து நின்றன.

பாலத்தைச் செப்பனிட ரயில்வே வகுத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதனை மூன்று மாதமாகக் குறைத்தார். (கெடுவைக் குறைப்பது எளிது, அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.) வேலை ஈ. ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த அவருக்கு அப்போது வயது 32. பாலம் 46 நாட்களில் சீராயிற்று. பிற்காலத்தில் டில்லி மெட்ரோவைக் கட்டிப் புகழ்பெற்றவரும் இவரே. ஆதலால் இந்த 46 நாளை ஒரு தனிமனிதரின் ஆற்றலாகவே கூறுவது வழக்கமாகிவிட்டது.

அவர் ஆற்றலில் ஐயமில்லை. ஆயினும் நாள்களைக் குறைத்தது யாது? முதலில் எண்ணியபடி, மாற்றுத் தூலங்களைத் தொலைதூரங்களிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. அவ்வழியே சென்றிருந்தால் சேகரிப்பதிலும் சுமந்து வருவதிலுமே மாதங்கள் கழிந்திருக்கும். வீழ்ந்த தூலங்கள் கடலடியில் கிடக்கின்றன என்னும் செய்தியை ஒரு மீனவர் கொண்டுவந்தார். அவற்றையே மீட்டெடுத்துப் பழைய தூண்களின்மேல் ஏற்றுவதென முடிவாயிற்று. 126 தூலங்களை 46 நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று வரும். ஆயத்தத்துக்குச் சென்ற நாள்களைக் கழித்தால் வேலையின் விரைவு அதனினும் மிகுதி. அத்தகைய வேலையை ஒருவர் கை செய்துவிட இயலாது. பொறியாளரின் பெயரை நாடறியும். மீனவரின் பெயரைக் கதை சொல்வோர் பெரும்பாலும் சொல்வதில்லை. ஸ்ரீதரனின் தலைமையில் சிறப்பாகப் போற்றத்தக்கது இதுவே: வகுத்த திட்டத்தைவிடக் கடலை அறிந்தவன் சொல்லுக்கு மதிப்பு மிகுதி என்று கண்டு, நடுவழியில் திட்டத்தையே மாற்றினார்.

இனி 14 ஆண்டைக் காண்போம். புகைவண்டிப் பாலத்தின் பக்கத்திலேயே எழுந்த சாலைப் பாலத்துக்கு 1974-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 2-10-1988 அன்று ராஜீவ் காந்தி அதனைத் திறந்துவைத்தார். 46 நாளையும் 14 ஆண்டையும் அருகருகே வைத்து நகைப்போர் உண்டு. அது நேர்மையான ஒப்பீடு ஆகாது. முன்னதில் தூண் இருந்தது, தூலம் இருந்தது, 50 ஆண்டு வண்டி ஓடிய அனுபவமும் இருந்தது. பின்னதில் நீரோட்டம் மிக்க கடலில் புதிதாக அடித்தளம் இறக்கவேண்டும். கப்பல்கள் கீழே செல்லுமாறு நடுவில் மேட்டை உயர்த்தவேண்டும். 14 ஆண்டு மிகுதியே. அதனை முழுதும் நியாயப்படுத்த வேண்டுவதில்லை. ஆனால் 46-ஐ அளவுகோலாக்கி அதனை அளப்பது, பழுது பார்த்த தச்சனையும் வீடு கட்டிய கொத்தனையும் ஒரே கூலிக் கணக்கில் எழுதுவதாகும்.

இதற்கு ஸ்ரீதரனின் வாழ்க்கையே சான்று பகரும். ரோஹாவிலிருந்து மங்களூர்ப் பக்கம் வரை ஏறத்தாழ 740 கிலோமீட்டர் செல்லும் கொங்கண் ரயில்பாதை அவர் தலைமையில் 1990-இல் தொடங்கியது. கெடு ஐந்து ஆண்டு; பாதை முழுதும் திறந்தது 1998 ஜனவரியில். பாதை செல்லும் இடம்பற்றிக் கோவாவில் எதிர்ப்பு எழுந்தது. பெர்னெம் சுரங்கத்தில் இளகிய மண் சரிந்து சரிந்து வேலையை நிறுத்திற்று. அதே மனிதர், அதே கண்டிப்பு. பாம்பனில் கெடுவுக்கு முன் முடிந்தது, கொங்கணத்தில் கெடுவைக் கடந்தது. வள்ளுவர் வலியறிதலை வைத்து, அதன்பின் காலமறிதலையும், அதன்பின் இடனறிதலையும் வைத்த முறையைத் தமிழாசிரியர்கள் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவதாக ஒரு பாலமும் இன்று அங்கே நிற்கிறது. பழைய பாலத்தை உப்புக்காற்று அரித்துவிட்டமையால், 2019 மார்ச்சில் புதிய புகைவண்டிப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 2021-இல் முடிப்பதாகத் திட்டம். இடையில் கொரோனா வந்தது. நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி நேர்செங்குத்தாக மேலெழும் அமைப்பு அதற்கு. இந்தியாவில் கடலின்மீது இவ்வகைப் பாலம் இதுவே முதல். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டிகள் நின்றன. அதன்பின் இரண்டு ஆண்டுக்கு மேலாக இராமேசுவர யாத்திரிகர்கள் மண்டபத்தில் இறங்கிச் சாலைப் பாலத்தின் வழியே சென்றனர். நகைப்புக்குள்ளான 14 ஆண்டுப் பாலமே அப்போது துணைநின்றது. புதிய பாலம் 6-4-2025 அன்று திறக்கப்பெற்றது.

1964-இன் கணக்கில் இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. 46 நாளில் சீரானது இராமேசுவரம் வரையுள்ள வழி மட்டுமே. இலங்கைக் கப்பல் அதன்பின் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டு, 1980-களில் போரினால் நின்றது. தனுஷ்கோடிக்குச் செல்லும் இருப்புப்பாதையை மீண்டும் இடுவதற்கும் 2019-இல் அடிக்கல் நாட்டினர். அவ்வூருக்கு இன்றுவரை புகைவண்டி செல்லவில்லை.