நன்னீர் ஓங்கில்களின் மரபணுத் தகவமைப்பு

கடலில் தோன்றிய பாலூட்டி இனங்கள் ஆற்றுநீரில் நிலைத்து வாழத் தலைமுறை தலைமுறையாகப் பெற்ற மரபணு மாற்றங்களின் தொகுப்பு. இந்தியாவில் இதற்குத் தலைசிறந்த சான்று கங்கை ஓங்கில். 1801இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இது, 2009இல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது. 

உப்புச் சமநிலை: கடல் ஓங்கிலின் சிறுநீரகம் மிகுதியான உப்பை வெளியேற்றி, உடல்நீரைக் காக்கிறது. ஆற்றில் நிலைமை தலைகீழ்: மிகுதியான நீரை வெளியேற்றி, உப்பைத் தக்கவைக்க வேண்டும். சீனாவின் யாங்சி ஆற்றில் வாழும் முதுகுத்துடுப்பில்லாக் கடற்பன்றியின் மரபணுத்தொகுதியை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, சிறுநீரகத்தின் நீர்ச் சமநிலை, யூரியா சுழற்சி ஆகியவற்றுடன் தொடர்புடைய மரபணுக்களில் இயற்கைத் தேர்வின் தடயங்களைக் கண்டது. இதன் நெருங்கிய கடல் உறவினம் இந்தியக் கரையோரங்களில் வாழ்கிறது.

பார்வை: கலங்கல் நீரில் கண்ணுக்குப் பயன் குறைவு. கங்கை ஓங்கிலின் சிறிய கண்ணில் வில்லையே இல்லை. ஒளியையும் அது வரும் திசையையும் மட்டும் உணரும். ஒலி எழுப்பி, அதன் எதிரொலியால் இரையை அறிகிறது. கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இணையாததால் தலையை நன்கு திருப்ப முடிகிறது.

பாதுகாப்பு: கங்கை ஓங்கிலைக் காக்கப் பீகாரில் விக்கிரமசீலா சரணாலயம் 1991இல் அமைக்கப்பட்டது. இத்தகவமைப்புகள் ஆற்றோடு பிணைந்தவை. அணைகளும் மாசும் ஆற்றைச் சிதைத்தால் இவ்வினத்துக்கு வேறு புகலிடம் இல்லை.